மீட்டரின் படம் ஒன்று

படக்காரர் முதலில் பார்த்தது முழங்கால்களைத்தான். அருவி விழுந்து, வேகம் அடங்கி, ஓடையாக நடக்கத் தொடங்கும் இடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே அந்த உடல் ஒருக்களித்துக் கிடந்தது. தலை மறுபக்கம் இருந்தது. இந்தப் பக்கமிருந்து தெரிந்ததெல்லாம் நனைந்த பேன்ட்டும், மடங்கிய கால்களும், முட்டிகளின் மேல் நாடாவால் கட்டியிருந்த கறுப்பு ரப்பர் உறைகளும்தான். "முட்டிவலிக்காரன் போல சார்" என்றார் கூட வந்த கான்ஸ்டபிள். பழைய லாரி ட்யூபை வெட்டி, ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து, நாடா கோத்துச் செய்த அந்த உறைகளில் இன்னொரு ஜோடி அவருடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. இரண்டு ஜோடியையும் ஒரே ஆள்தான், ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து செய்திருந்தான்.

போலீஸ் இலாகாவில் படம் எடுப்பது அவர் வேலை. ஆள் செத்துக் கிடக்கும் இடத்துக்கு ஜீப்பின் பின்சீட்டில் போவார். தூரத்திலிருந்து சில, நடுவாந்தரத்தில் சில, பிறகு கிட்டே போய், காயத்தின் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோலை வைத்துச் சில. இருபது வருஷத்துக்கு மேல் அதைச் செய்து கை பழகிப்போயிருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் கூப்பிட்டால் போய் எடுத்துவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

இன்ஸ்பெக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"தெரிஞ்ச ஆளா?"

"ஆமா சார். கூட்டாளி."

"அடப்பாவமே. நீங்க தள்ளி உக்காருங்க. பக்கத்து ஸ்டேஷன் ஆளை வரச் சொல்றேன். என்ன, அவர் வந்து சேர மத்தியானம் ஆயிடும்."

மத்தியானம் வரைக்கும் இந்த ஈரத்தில், இந்த ஈக்களுக்கு நடுவில் அவன் கிடக்க வேண்டும். படம் எடுத்து முடியாமல் யாரும் தொடக்கூடாது.

"வேணாம் சார்" என்றார் படக்காரர். "நானே எடுக்கறேன்."

மின்சார வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் அளவு எடுப்பவன் அவன். அதனால் படக்காரரின் தெருவில் எல்லோருக்கும் அவன் மீட்டர்தான். படக்காரரின் வீட்டுக்கு அவன் முதல்தடவை வந்த நாளில், அவர் வாசல் மதிலின் அடியில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, விரிசலில் முளைத்த ஒரு களைச்செடிக்கு நேராக லென்ஸைப் பிடித்திருந்தார். மீட்டருக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. "என்ன சார், சாவி தொலைஞ்சுடுச்சா?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் பையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் மண்டிபோட்டுத் தேட ஆரம்பித்துவிட்டான். அவன் தேடித் தடவிய வேகத்தில் அந்தப் பூ நசுங்கியது. படக்காரருக்கு வந்த கோபத்தில் கேமராவின் பின்திரையை அவன் மூக்குக்கு நேராக நீட்டி, "இதைத்தான்யா நீ கொன்னுட்டே" என்றார். கடுகளவு பூ. திரையில் அது ஊதா நரம்பும் வெள்ளை விளிம்புமாக, நடுவில் மஞ்சள் பொடி அப்பிய ஐந்து தூண்களோடு ஒரு மண்டபம்போல விரிந்து கிடந்தது. மீட்டர் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு மதிலோரத்தைப் பார்த்தான். "இதை நான் தினம் நூறு வீட்டு வாசல்ல மிதிச்சுட்டுப் போறேனே சார்" என்றான். அந்த மாதம் அவர் வீட்டு அளவை எடுக்காமலே போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தக் கணக்கில் போயின. மீட்டர் தவணையில் ஒரு பழைய கேமரா வாங்கினான். 'சார்' என்பது இரண்டே மாதத்தில் 'யோவ் படக்காரரே' ஆயிற்று. விடுமுறை சேர்ந்து வந்தால் பஸ் பிடித்து மலைக்குப் போனார்கள். உப்பளத்துக்கும், கடலோரச் சதுப்புக்கும், காட்டு இலாகா அனுமதித்த தூரம்வரை புல்வெளிக்கும் போனார்கள். காட்சிமுனை என்று போர்டு வைத்த இடத்தில் ஊரே பள்ளத்தாக்கைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கும்போது, இவர்கள் இருவரும் அந்தப் பள்ளத்தாக்குக்குத் தங்கள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, கம்பிவேலியின் அடியில் ஒரு பாசித்திட்டுக்கு முன்னால் கவிழ்ந்து கிடப்பார்கள். பனித்துளிக்குள் மலை தலைகீழாகத் தொங்கும். தட்டானின் கண்ணில் ஆயிரம் சின்னக் கட்டங்கள் தெரியும். காற்று வந்தால் எல்லாம் கெட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மீட்டர் காற்றோடு பேசுவான். "இருடி, கொஞ்சம் இரு, ஒரே ஒரு நிமிஷம்" என்று கெஞ்சுவான். காற்று நின்று, லென்ஸின் வளையத்தை மயிரிழை திருப்பி, கலங்கல் முழுவதும் விலகி, மகரந்தத்தின் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக எழுந்து நிற்கும்போது, "வந்துட்டா" என்று முணுமுணுப்பான். அந்தச் சொல் படக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. வாரம் முழுக்க ரத்தமும் விறைத்த விரல்களும் பார்த்த கண்ணுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஒரே லென்ஸ்தான். வெட்டுக்காயத்துக்கும் அதுதான், பூவுக்கும் அதுதான். திங்கட்கிழமை காலையில் அதைத் துடைக்கும்போது அவருக்கு அருவருப்பு வருவதில்லை என்றால் அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் காரணம்.

ஒரு விதி மட்டும் அவர் வைத்திருந்தார். மனித முகம் எடுப்பதில்லை. வார நாளெல்லாம் அவருக்கு முகங்கள்தான். அசையாத, பதில் பார்வை இல்லாத முகங்கள். ஞாயிற்றுக்கிழமையும் லென்ஸுக்குள் ஒரு முகம் வந்தால் அது எப்போது கண்ணை மூடும் என்று பார்க்கத் தோன்றிவிடுமோ என்று அவருக்குப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை, மேகம் காலுக்குக் கீழே போகிற ஒரு கணவாயில், மீட்டர் பாறைமேல் ஏறி நின்று தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, "யோவ், என்னை ஒண்ணு எடேன். இந்த இடத்துல நல்லாயிருக்கும்" என்றான். வீட்டில் யாராவது படம் எடுக்க வந்தால் கேமராவைப் பிடுங்கித் தானே எடுத்துவிடுகிற ஆள் அவன். அன்றைக்கு என்னவோ கேட்டான். "போய்யா, உன் மூஞ்சியைப் பாத்தா லென்ஸ் உடைஞ்சுடும்" என்றார் படக்காரர். மீட்டர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டான். மறுபடி கேட்கவில்லை.

போன சனிக்கிழமை போன் பண்ணியிருந்தான். அருவிக்கு மேல் பாறை விளிம்பில் ஒரு ஊதாப் பூ பூத்திருக்கிறதாம், காட்டு இலாகா ஆள் ஒருவன் சொன்னானாம். படக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி விழுந்திருந்தது. ஒரு சரக்குக் கிட்டங்கி எரிந்து போயிருந்தது. "நீ போய்ப் பாத்துட்டு வா. நல்லா இருந்தா அடுத்த வாரம் ரெண்டு பேரும் போலாம்" என்றார் அவர்.

இப்போது படக்காரர் பாறைக்கு மறுபக்கம் போய் நின்று முதல் படத்தை எடுத்தார். தூரத்திலிருந்து, அருவியோடு சேர்த்து. பிறகு நடுவாந்தரம். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. முகத்தின் இடது பக்கம் கல்லில் அடிபட்டிருந்தது. வலது பக்கத்தில் ஒரு கீறல் கூட இல்லை. அதையும் எடுத்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, "நகம் பூரா பாசி. மேல வழுக்கினப்போ பாறையைப் பிடிச்சுப் பாத்திருக்கான்" என்றார். கேமரா கிடைக்கவில்லை, தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும். வலது கையைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். படக்காரர் மண்டிபோட்டு, விரல்களுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து, கண்ணைக் கேமராவில் வைத்தார்.

மரக்கிளை வழியாக வெயில் சல்லடையில் சலித்ததுபோல இறங்கிக்கொண்டிருந்தது. நகத்தடியில் பாசி, அத்தனை பச்சை. நடுவிரல் நுனியில் ஒரு நீர்த்துளி விழாமல் நின்றது, அதற்குள் மரங்கள் தலைகீழாக நின்றன. மணிக்கட்டிலிருந்து ஒரு எறும்பு புறங்கையில் ஏறி வந்தது. அவர் வளையத்தைத் திருப்பினார். கலங்கல் விலகியது. தோலின் ஒவ்வொரு வரியும் எழுந்தது. எறும்பு இன்னும் கொஞ்சம் வர வேண்டும், விரல் கணு வரைக்கும் வந்தால் சரியாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வந்தது. நின்றது. நெஞ்சுக்குள் அந்தப் பழைய சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம், குமிழிபோல எழும்பியது. "வந்துட்டா" என்று உதடு அசைந்து, விரல் அமுங்கி, படம் விழுந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. முட்டி இரண்டும் கல்லில் உரசிப் பேன்ட் நனைய ரத்தம் வந்துகொண்டிருந்ததை இன்ஸ்பெக்டர்தான் பார்த்துச் சொன்னார். மிச்சப் படங்களையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

எல்லாம் முடிந்து, வந்த கூட்டம் கலைந்து ஒரு வாரம் போயிருக்கும். மீட்டரின் மனைவி அவருடைய வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. சோப்புக்காரம் ஏறி வெளுத்த விரல்கள். படக்காரரின் மனைவி கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கேட்டாள்.

"அண்ணே, அவரோட நல்ல படம் ஒண்ணு வேணும். முன்ரூம்ல மாட்டணும். கல்யாணப் படத்துல மீசை கூட இல்ல, யாரோ மாதிரி இருக்காரு. ஆபீஸ் கார்டுல பாதி மூஞ்சி மேல சீல் குத்தியிருக்கு. போனும் தண்ணியோட போயிடுச்சு. பொண்ணு போன்ல தேடினா, எல்லாத்துலயும் அவரு எடுத்த படந்தான் இருக்கு, அவரு இல்ல. உங்ககிட்டதான் நெறைய இருக்கும்."

"பாத்துத் தரேம்மா" என்றார் படக்காரர்.

அன்று அவரும் அவர் மனைவியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பூ, பூ, வண்டு, பூ, சிலந்தி வலையில் பனி, பாசி, பூ. வருஷக்கணக்கில் போன ஊர்களெல்லாம் ஊர் என்று தெரியாமல் பூவாக ஓடின. மலையும் கடலும் போய் வந்தவரிடம் ஒரு மலையோ கடலோ கூட இல்லை. மீட்டர் இருந்தான், இல்லாமல் இல்லை. காற்றுக்குத் தடுப்பாக வளைத்துப் பிடித்த கை. செடியைச் சாய்க்கிற கட்டைவிரல். ஒரு பாறைமேல் தொப்பியோடு விழுந்த நிழல். முகம் மட்டும் எங்குமே இல்லை. அவர் மனைவி திடீரென்று, "இருங்க, பின்னாடி போங்க" என்றாள். "இது என்ன ஒரே நீலமா இருக்கு? வானமா?"

ஒரு வெள்ளைப் பூ. அதற்குப் பின்னால் கறையில்லாத மங்கலான நீலம். அடுத்த படத்திலும் அதே நீலம். அதற்கடுத்ததிலும்.

"வானமில்ல" என்றார் அவர். "அவன் சட்டை."

சருகும் முள்ளுமாகப் பின்னால் கிடந்தால் பூ எடுபடாது. அப்போது மீட்டர் போய்ப் பூவுக்குப் பின்னால் குந்திக்கொள்வான். வாரியத்தில் கொடுத்த நீலச் சட்டை. அசையாமல், மூச்சுவிடாமல், "எடுத்தாச்சா? எடுத்தாச்சா?" என்று பல்லிடுக்கில் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு போட்டியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்த படத்திலும் அதே நீலம்தான் இருந்தது. லென்ஸை ஒரு சாண் தூக்கியிருந்தால் கழுத்துக்கு மேலும் வந்திருக்கும்.

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க கேக்கறது மூஞ்சிங்க" என்றாள். "இதைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பீங்க?"

கொடுத்தார். இருப்பதில் நல்லதாக, பூவைச் சுற்றி வளைந்த கையின் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மீட்டரின் வீட்டில் முன்ரூமில் ஆணி அடித்துத் தயாராக இருந்தது. மனைவி படத்தை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். விரலால் அந்தக் கட்டைவிரலைத் தடவினாள். கல்லூரி படிக்கும் மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது பூவோட படம் மாமா."

"கண்ணு, அவன் கையும்..."

"எங்கப்பாவோட பத்து வருஷம் சுத்தினீங்க. ஒண்ணு? ஒரே ஒண்ணு கூடவா எடுக்கல?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீட்டரின் மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணே. அங்க, தண்ணிகிட்ட, நீங்கதானே எடுத்தீங்க? அதுல மூஞ்சி இருக்கும்ல?"

"இருக்கு."

"அடிபட்டிருந்துச்சா?"

"ஒரு பக்கம்."

"இன்னொரு பக்கம்?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தூங்கற மாதிரி இருந்துச்சு."

"அதைக் கொடுங்க. ஆஸ்பத்திரியில துணியை வெலக்கிக் காட்டினாங்க. கண்ணு பூரா தண்ணி, எனக்கு ஒண்ணுமே தெரியல. இவருதானான்னு கேட்டாங்க, ஆமான்னேன். பாக்காமதான் சொன்னேன்."

கேஸ் படத்தை வெளியே கொடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் மூடிய கண்ணைத் திறந்து கொடுப்பார், சட்டையை மாற்றுவார், பின்னால் திரைச்சீலை போடுவார். இறந்தவர்களின் உறவுக்காரர்கள் எத்தனையோ பேர் படக்காரரைத் தேடி வந்து கெஞ்சியிருக்கிறார்கள். எத்தனையோ வீட்டில் அப்படித் திறந்த கண்களோடு படம் மாட்டியிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். கண் வேறு யாருடையதோ. அது எங்கேயும் பார்க்காது.

மறுநாள் ஆபீசில் அந்தப் படத்தைத் திறந்தார். வலது பக்க முகம். ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து, கன்னத்தில் வழிந்து, தாடையில் நின்றது. புருவத்தின் ஒவ்வொரு மயிரும் துல்லியம். இருபது வருஷத்தில் இவ்வளவு நல்ல முகப்படம் ஒன்றை அவர் எடுத்ததில்லை. அது அவருக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. மூடிவிட்டார். சாயங்காலம் போய், "என்னால முடியலம்மா" என்றார்.

ஆணியில் ஆபீஸ் கார்டுப் படம் ஏறியிருந்தது, ஸ்டூடியோவில் பெரிதாக்கி, சீல் அடையாளத்தைத் துடைத்து. சீல் இருந்த பக்கக் கன்னம் மெழுகுபோல வழவழவென்று இருந்தது. மீட்டரின் அண்ணன் என்று சொன்னால் நம்பலாம்.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் வீட்டுல இருப்பாரு" என்றாள் மீட்டரின் மனைவி. "அந்த நாளையும் நீங்க கொண்டுபோயிட்டீங்க. எனக்கு உங்க மேல அவ்வளவு கோவம் இருந்துச்சுண்ணே. என்னதான்யா பாக்கறீங்கன்னு கேப்பேன். வாயேன், காட்டறேன்னு சொல்வாரு. துவைச்சுத் துவைச்சு இடுப்பு விட்டுப்போயி வந்து படுத்திருப்பேன். போய்யா நீயும் உன் பூவும்னுடுவேன்." வெளுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "என்ன பாத்தாருன்னு எனக்குக் காட்டுங்க. அதையாவது காட்டுங்க."

"எங்க போகணும்?"

"எங்கயும் போக வேணாம். இங்கயே."

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் யாரோ வாங்கிப்போட்டு வீடு கட்டாமல் விட்ட மனை. உடைந்த செங்கலும் பிளாஸ்டிக் பையுமாக, இடுப்பளவு களை மண்டிக் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறும் முன்னால், இருவரும் அதற்குள் இறங்கினார்கள். பின்வீட்டு ஜன்னலில் மகள் நின்றாள். அவர் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். செங்கல் குவியலோரம் வெள்ளைப் பூ கொத்தாகப் பூத்திருந்தது. பெயர் தெரியாது. மீட்டரும் அவரும் எந்தப் பூவுக்கும் பெயர் கேட்டதில்லை. அவர் கேமராவைத் தாழ்வாக முக்காலியில் பொருத்தி, ஒரு பூவுக்கு நேராக வைத்துவிட்டு விலகினார். அவள் ஈரமண்ணிலேயே உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கண்ணை வைத்தாள்.

"ஒண்ணும் தெரியலையே. பாலைக் கொட்டின மாதிரி இருக்கு."

"அப்படியே இருங்க." அவர் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி வளையத்தைத் திருப்பினார். மெல்ல. இன்னும் மெல்ல.

அவள் முதுகு விறைத்தது. மூச்சு நின்றது. எங்கோ ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள்.

"அண்ணே" என்றாள், தலையை எடுக்காமல். "இந்தப் பூ அசையுது."

காற்றே இல்லை. அவர் குனிந்து வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தார். அசைந்தது பூ இல்லை. இதழோடு இதழாக, அதே வெள்ளையில், கால்களை அகல விரித்து ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. அதன் பிடியில் ஒரு சின்னத் தேனீ, கழுத்தைக் கொடுத்துவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பதறிப்போய்க் கேமராவைத் திருப்பக் கை நீட்டினார்.

"இருங்க" என்றாள் அவள். "திருப்பாதீங்க."

"வேற பூ பாக்கலாம்மா. அந்தப் பக்கம் நல்லதா..."

"இன்னும் உயிர் இருக்குண்ணே. றெக்கை துடிக்குது. காலெல்லாம் மஞ்சளா ஒட்டிக்கிட்டிருக்கு." அவள் குரல் கிசுகிசுப்பாகியிருந்தது. "விட்டுடுமா?"

இதே காட்சிக்காக அவரும் மீட்டரும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தவம் கிடந்திருக்கிறார்கள். கிடைத்த நாளில் ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்துகொண்டு டீக்கடையில் கொண்டாடியிருக்கிறார்கள். இது எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. அவள் நெற்றி கேமராவில் அழுந்திச் சிவந்திருந்தது; கன்னத்தில் வழிந்த தண்ணீர் தாடை நுனியில் வந்து நின்றது, அவள் துடைக்கவில்லை. ஊன்றியிருந்த கையை மண்ணிலிருந்து எடுத்து, சேறோடு அப்படியே, பார்வையை விலக்காமல் கேமராவின் மேல்பக்கமாகக் குருடியைப்போலத் தடவிக்கொண்டு போனாள்.

"எதை அமுக்கணும்?" என்றாள்.